கடலின் நீர்மையும் பெண்ணையின் போக்கும்

முன்னுரை

ஓசூர், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர். அதற்கு மேற்கே அரபிக்கடல் 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலும், கிழக்கே வங்கக்கடல் 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலும் உள்ளன. கருநாடக எல்லையை ஒட்டிய இப்பகுதியில் தமிழிலக்கியம் பயிலும் மாணவர், குறிஞ்சியையும் முல்லையையும் தம் ஊரைச் சுற்றிலும் காண்பர். மருதத்தை ஏரிக்கரைக் கழனிகளில் காண்பர். நெய்தல் ஒன்றே அவர்க்கு ஏட்டளவில் நின்றுவிடுகின்றது. கடல் என்பது தம் வாழ்க்கையோடு தொடர்பற்ற ஒன்று என அவர் கருதுவது இயல்பே.

இக்கருத்துப் பொருந்துமா என்பதை ஆராய்வதற்குத் திருக்குறளே வழிகாட்டுகின்றது. வான்சிறப்பு அதிகாரத்தின் ஏழாம் குறளில், முகில் தான் முகந்த நீரை மீளப் பொழியாதாயின் அளவற்ற கடலும் தன் இயல்பில் குறைபடும் என்கிறார் திருவள்ளுவர். கடலினின்று மழை பிறக்கின்றது என்பதை எளிதில் உணரலாம். மழையின்றிக் கடல் குறைபடும் என்பதை உணர்வது அத்துணை எளிதன்று. பரிமேலழகர் இவ்விடர்ப்பாட்டை அறிந்தே, இயல்பு குறைதலாவது நீர்வாழ் உயிர்கள் பிறவாமையும் மணி முதலியன உண்டாகாமையும் ஆம் என விளக்கம் தந்தனர். கடல்நீரின் அளவு குறையும் என்று அவர் கூறாது, அதன் இயல்பு குறையும் என்று கூறியமை ஈண்டுக் கருதத்தக்கது.

அவ்வியல்பு யாது? கடல் எவ்வாறு இயங்குகின்றது? அவ்வியக்கத்திற்கும் ஓசூர் மேட்டுநிலத்தில் பெய்யும் மழைக்கும், அந்நிலத்தின் வழியே ஓடும் தென்பெண்ணைக்கும் உள்ள தொடர்பு யாது? இவ்வினாக்களுக்கு இக்காலக் கடலியல் தரும் விடைகளைத் தொகுத்து, குறளின் கருத்தோடு ஒப்பிட்டுக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயர்களிற் புதைந்த அறிவு

கடலைக் குறிக்கும் சொற்களுள் முந்நீர் என்பது ஒன்று. இச்சொல்லுக்கு உரையாளர் இருவகையாகப் பொருள் கூறுவர். ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் என்னும் மூன்றும் கூடியது முந்நீர் என்பது ஒன்று. படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் மூன்று தன்மைகளை உடையது என்பது மற்றொன்று. இவ்விரு விளக்கங்களுள் சொற்பிறப்புக்கு ஏற்றது எது என்பது வேறு ஆராய்ச்சி. முதல் விளக்கம் கடலைத் தனித்த ஒரு பொருளாகக் கருதாமல், வானினின்றும் நிலத்தினின்றும் நீரைப் பெற்றுக்கொண்டே இருப்பதொன்றாகக் கருதுகின்றது என்பதே நமக்கு வேண்டுவது.

கொண்டல் என்னும் சொல்லும் இத்தகையதே. 'கொள்' என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல், நீரைக் கொண்ட முகிலைக் குறிக்கும், கீழ்க்காற்றையும் குறிக்கும். தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, மேற்கிலிருந்து வருவது கோடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல் என நாற்றிசைக் காற்றுக்கும் பெயர் வகுத்த தமிழர், கீழ்க்காற்றுக்கும் முகிலுக்கும் ஒரே பெயரை இட்டனர். காற்றே நீரைச் சுமந்து வருவது என்னும் உண்மை இப்பெயரில் அடங்கியுள்ளது. கடற்கரை மீனவர் நீரோட்டத்தை நீவாடு என வழங்குவர். நிலத்தார் காற்றைத் திசையால் அறிந்தது போலவே நெய்தல் மக்கள் கடலுள் ஓடும் நீரையும் திசையால் அறிந்து தொழில் செய்தனர்.

பட்டினப்பாலை ஆசிரியர் கடியலூர் உருத்திரங்கண்ணனார், காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் கடலினின்று நிலத்திற்கும் நிலத்தினின்று கடலுக்கும் பண்டங்கள் மாறிச் செல்வதற்கு ஓர் உவமை தருகின்றார். முகில் கடலில் முகந்த நீரை மலையிற் பொழிவதும், மலையிற் பொழிந்த நீர் மீண்டும் கடலைச் சேர்வதுமே அவ்வுவமை. ஏற்றுமதியும் இறக்குமதியும் ஒருங்கே நிகழும் வாணிகத்திற்கு நீர்ச்சுழற்சியை அவர் ஒப்பிட்டமை, அச்சுழற்சியைக் கொடுத்தலும் கொள்ளலுமாகப் பண்டையோர் கண்டனர் என்பதைக் காட்டும்.

2. கடல் இயங்கும் முறை

கடல், நிலவுலகின் பரப்பில் ஏறத்தாழ 71 விழுக்காட்டை மூடியுள்ளது. உலகிலுள்ள நீரில் ஏறத்தாழ 97 விழுக்காடு கடல்நீரே. அதன் சராசரி ஆழம் 3,700 மீட்டர் அளவினது. இத்துணைப் பெரிய நீர்த்தொகுதி எக்காலத்தும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. அதனை இயக்கும் ஆற்றல்களுள் தலையாயவை நான்கு: திங்கள், ஞாயிறு ஆகியவற்றின் ஈர்ப்பு, காற்று, வெப்பவேறுபாடு, உப்பின் வேறுபாடு.

திங்களின் ஈர்ப்பால் எழுவது ஓதம். அது நாள்தோறும் கரையில் ஏறி வற்றும். மழையைப் பற்றிய ஆராய்ச்சியில் அதற்குள்ள பங்கு சிறிதாகலின் அதனை விடுத்து மேற்செல்வோம்.

காற்று கடலின் மேற்பரப்பைத் தள்ளுங்கால் நீர், காற்றின் திசையிலேயே செல்வதில்லை. நிலவுலகின் சுழற்சியால் வடபாதியில் அது வலப்புறமாகத் திரும்பும். தென்மேற்குப் பருவத்தில் ஆப்பிரிக்காவின் சோமாலியக் கரையை ஒட்டிக் காற்று வடகிழக்கு நோக்கி வீசும்பொழுது, மேற்பரப்பு நீர் கரையை விட்டு விலகுகின்றது. விலகிய நீரின் இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகின்றது. அப்பருவத்தில் சோமாலிய நீரோட்டம் வடக்கு நோக்கி நொடிக்கு 2 மீட்டருக்கு மேற்பட்ட விரைவில் ஓடும். குளிர்காலத்தில் அதுவே திசை மாறித் தெற்கு நோக்கி ஓடும். பசிபிக்கு, அட்லாண்டிக்கு ஆகிய பெருங்கடல்களில் பெரிய நீரோட்டங்கள் ஆண்டு முழுதும் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடுகின்றன. வட இந்தியப் பெருங்கடலிலோ அவை ஆண்டுக்கு இருமுறை திரும்புகின்றன. வடக்கே ஆசியப் பெருநிலம் கடலை அடைத்து நிற்பதே இதற்குக் காரணம். கோடையில் நிலம் கடலினும் வெப்பமுற்றுக் காற்றை ஈர்க்கும். குளிர்காலத்தில் நிலம் குளிர்ந்து காற்றைக் கடல்நோக்கிச் செலுத்தும். காற்று திரும்ப, நீரும் திரும்புகின்றது.

வெப்பமும் உப்பும் கடலை ஆழத்தில் இயக்குவன. குளிர்ந்த நீரும் உப்பு மிகுந்த நீரும் கனமானவை. துருவங்களை அடுத்த கடல்களில் அத்தகைய நீர் கீழே இறங்கி, பெருங்கடல்களின் அடிவழியே மெல்லப் பரவி, வேறிடங்களில் மேலெழுகின்றது. அச்சுற்று நிறைவுற ஆயிரம் ஆண்டுகள் அளவில் ஆகும் என்பர் அறிஞர். மேற்பரப்பில் மாதக்கணக்கில் திரும்பும் ஓட்டமும், அடியில் நூற்றாண்டுக் கணக்கில் நகரும் ஓட்டமும் ஒரே கடலில் ஒருங்கே நிகழ்கின்றன.

3. ஆவியின் அளவு

கதிரவனின் வெப்பத்தால் கடலினின்று ஆண்டுதோறும் ஆவியாகும் நீர், 4,00,000 கன கிலோமீட்டருக்கு மேற்பட்டது எனக் கணக்கிட்டுள்ளனர். இதில் பத்தில் ஒன்பது பங்கு மழையாக மீண்டும் கடலிலேயே வீழ்ந்துவிடுகின்றது. எஞ்சிய பங்காகிய ஏறத்தாழ 40,000 கன கிலோமீட்டர் அளவே காற்றால் நிலத்தின்மேற் கொண்டுவரப்படுகின்றது. நிலத்தின் ஆறுகளும் நிலத்தடி ஊற்றுகளும் கடலுக்கு மீட்டுத் தருவதும் ஏறத்தாழ இவ்வளவே. வரவும் செலவும் இவ்வாறு ஒத்திருத்தலாலேயே கடல் பெருகாமலும் நிலம் வறளாமலும் நிலைபெற்று வந்துள்ளன.

ஈண்டு இரண்டு உண்மைகளை நினைவிற் கொள்ளல் வேண்டும். முதலாவது, ஆவியாகும் நீர் உப்பையும் பிற கரைபொருள்களையும் விட்டுவிட்டே மேலெழுகின்றது. முகில் கொள்வது தூய நீரை மட்டுமே. இரண்டாவது, ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பம் அழிவதில்லை. ஆவி குளிர்ந்து முகிலாகுங்கால் அது வானில் வெளிப்பட்டுக் காற்றை மேலெழச் செய்கின்றது. அக்காற்றின் இயக்கம் மீண்டும் கடலை இயக்குகின்றது. எனவே கடலின் இயக்கத்தை ஒரு பொருளாகவும் மழையை மற்றொரு பொருளாகவும் பிரித்து ஆராய்தல் முழுமை பெறாது.

வானில் எழுந்த ஆவி சராசரியாக ஒன்பது, பத்து நாள்களே அங்குத் தங்கும். ஆகவே ஓசூரில் இன்று பெய்யும் மழையிற் பெரும்பகுதி, சில நாள்களுக்கு முன்னர்க் கடலாக இருந்ததே.

4. கோடையும் கொண்டலும் ஓசூரில்

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமே தலையாய மழைக்காலம். கிருஷ்ணகிரி மாவட்டமோ மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, மைசூர் மேட்டுநிலத்தின் விளிம்பில் அமைந்ததாகலின், இரு பருவங்களாலும் பயன் பெறுகின்றது. ஆண்டுக்கு 800 முதல் 900 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழையில் தென்மேற்குப் பருவத்தின் பங்கே மிகுதி. வடகிழக்குப் பருவத்தின் பங்கு அதற்கடுத்தது. சித்திரை, வைகாசித் திங்கள்களில் பெய்யும் இடிமழையும் மானாவாரி உழவர்க்கு உற்ற துணையாகும்.

தென்மேற்குக் காற்று, நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் தோன்றி, ஆப்பிரிக்கக் கரையை ஒட்டித் திரும்பி, அரபிக்கடலைக் கடந்து வருகின்றது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் விரைந்தோடும் இக்காற்றின் வழியைப் பிண்டுலேட்டர் என்னும் வானிலை அறிஞர் 1969இல் விளக்கினார். வரும் வழியெல்லாம் அது ஆவியைச் சேர்த்துக்கொள்கின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறுங்கால் அச்சுமையிற் பெரும்பகுதியை அங்கேயே இறக்கிவிடுகின்றது. மலையின் மேற்சரிவிலுள்ள ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்ய, கிழக்கே மேட்டுநிலத்திற்கு எட்டுவது அதன் ஒரு சிறு பகுதியே. நம்மூர்களில் ஆடித் திங்களில் காற்று மிகுந்தும் மழை குறைந்தும் காணப்படுவதற்குக் காரணம் இதுவே. ஆவணி, புரட்டாசித் திங்கள்களில் மேல்காற்றின் விரைவு தணிந்து, கிழக்கிலிருந்து ஈரம் புகத் தொடங்கும்பொழுது, மாலை நேர இடிமழையாக நல்ல மழை கிடைக்கின்றது.

மேலைமலையில் இறங்கிய அச்சுமையும் நமக்குப் பயன்படாமற் போவதில்லை. குடகு மலையிற் பெய்யும் மழை காவிரியாகி ஒகேனக்கல்லை அடைகின்றது. புளூரைடு மிகுந்த நிலத்தடி நீரால் துன்புற்ற தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களுக்கென 2013இல் பயன்பாட்டிற்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அந்நீரையே வீடுகளுக்குக் கொண்டுவருகின்றது. ஓசூரில் ஒருவர் குழாயைத் திறந்து பருகும் நீர், அரபிக்கடலினின்று எழுந்து, குடகில் வீழ்ந்து, காவிரி வழியே வந்த நீர் என்பது வெறும் புனைந்துரை அன்று.

ஐப்பசி முதல் கீழ்க்காற்று வலுப்பெறும். வங்கக்கடலில் எழும் தாழ்வுநிலைகளும் புயல்களும் கரையைக் கடந்து மேற்கு நோக்கி நகருங்கால் கிருஷ்ணகிரியின் கீழ்ப்பகுதிகளாகிய ஊத்தங்கரை, போச்சம்பள்ளி முதலியன மழை பெறும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயல் விரைந்து அகலாமல் கரையருகிலேயே தங்கி, பின்னர் வலுக்குறைந்து உள்நாட்டிற் புகுந்தது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டு மழையிற் பாதிக்கு மேற்பட்டது ஒரே நாளில் பெய்தது. கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள அவ்வூரில் சாலையோரம் நின்ற ஊர்திகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அவ்விரவே சாத்தனூர் அணையினின்று நொடிக்கு 1,60,000 கன அடிக்கு மேற்பட்ட நீர் பெண்ணையில் திறந்துவிடப்பட, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றங்கரை ஊர்கள் நீரில் மூழ்கின. கடல் மேட்டுநிலம் வரை வந்து, ஆற்றின் வழியே மீண்டு சென்றமையை அந்நாள்களில் மக்கள் கண்ணெதிரே கண்டனர்.

இதற்கு மாறான ஆண்டுகளும் உண்டு. இந்தியப் பெருங்கடலின் மேற்புறமும் கீழ்ப்புறமும் வெப்பநிலையில் ஊசலாடுகின்றன என்பதையும், அவ்வூசல் மழையைப் பாதிக்கின்றது என்பதையும் சாஜி, யமகாட்டா முதலிய அறிஞர் 1999இல் எடுத்துக்காட்டினர். 2016இல் இவ்வூசல் எதிர்நிலையில் வலுவாக இருந்தது. அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பினும் 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் அனைத்தும் வறட்சியுற்றவை என அரசு அறிவித்தது. ஓர் ஆண்டின் மழையை ஒரே காரணத்தால் விளக்குதல் இயலாது. எனினும், கடலின் வெப்பம் எவ்விடத்தில் மிகுகின்றது என்பது நம் ஏரிகள் நிரம்புவதையும் நிரம்பாமையையும் தீர்மானிப்பனவற்றுள் ஒன்று என்பது தெளிவு.

5. இரு கடல்களின் கொடுக்கல் வாங்கல்

இனி, குறள் எழுப்பும் வினாவிற்கு வருவோம். மழை பெய்யாவிடின் கடலின் இயல்பு எவ்வாறு குறையும்?

அரபிக்கடலும் வங்கக்கடலும் ஒரே அளவான கதிரவன் வெப்பத்தைப் பெறுவன. ஒரே நிலத்தின் இருபுறத்தும் அமைந்தவை. ஆயினும் அவற்றின் நீர்மை வேறு. அரபிக்கடலில் மழையாலும் ஆறுகளாலும் வரும் நீரினும் ஆவியாகிச் செல்லும் நீர் மிகுதி. ஆதலின் அது உப்பு மிகுந்தது. 1,000 பங்கு நீருக்கு ஏறத்தாழ 36 பங்கு உப்பு உடையது. வங்கக்கடலிலோ கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி முதலிய பேராறுகள் வந்து கலக்கின்றன, மழையும் மிகுதி. ஆவியாகும் நீரினும் வந்து சேரும் நீர் மிகுதியாகலின் அதன் வடபகுதியில் உப்பின் அளவு 30 பங்கு வரையிலும் அதனினும் கீழும் குறைகின்றது.

மழைநீரும் ஆற்றுநீரும் கடல்நீரினும் இலேசானவை. ஆதலின் அவை உடனே ஆழத்தில் கலந்துவிடாமல் மேற்பரப்பில் ஒரு மெல்லிய அடுக்காகப் பரவி நிற்கின்றன. அவ்வடுக்கு ஒரு மூடிபோல் அமைந்து, கீழுள்ள குளிர்ந்த நீர் மேலெழுவதைத் தடுக்கின்றது. கதிரவனின் வெப்பமும் ஆழத்திற்குச் செல்லாமல் மேலடுக்கிலேயே தங்குகின்றது. இதனால் வங்கக்கடலின் மேற்பரப்பு மழைக்காலம் முழுதும் 28 பாகை செல்சியசு அளவிலும் அதற்கு மேலும் வெப்பமாகவே இருக்கின்றது. இவ்வளவு வெப்பமுடைய கடலின்மேல்தான் காற்று வானளாவ எழுந்து பெருமுகில்களை உண்டாக்கும். அரபிக்கடலின் மேற்பகுதி பருவக்காற்றால் கலக்கப்பட்டுக் குளிர்ந்துவிட, வங்கக்கடல் வெப்பம் குன்றாமல் தாழ்வுநிலைகளை மேலும் மேலும் தோற்றுவித்தற்குரிய காரணங்களுள் இது தலையாயது என்பர் கடலியலார்.

இதனாற் பெறப்படுவது யாது? மழையும் ஆறும் வங்கக்கடலுக்குத் தரும் நன்னீரே, அக்கடல் மீண்டும் மழையைத் தருவதற்குத் துணைநிற்கின்றது. அந்நன்னீர் வாராது நின்றுபோமாயின் வங்கக்கடல் உப்பு மிகும், மேலடுக்கு அழியும், ஆழ்நீர் கலந்து மேற்பரப்பு குளிரும், முகிலை எழுப்பும் ஆற்றல் குறையும். நீரின் அளவு பெரிதும் மாறாதிருப்பினும் கடலின் இயல்பு குன்றும். பரிமேலழகர் அளவைக் கூறாது இயல்பைக் கூறியதன் பொருத்தம் இவ்விடத்தில் விளங்குகின்றது. திருவள்ளுவர் இக்காலக் கடலியலை அறிந்திருந்தார் என்று நாம் வாதிடவில்லை. அவ்வாறு கூறுதல் ஆராய்ச்சி நெறியும் அன்று. கொள்ளலும் கொடுத்தலும் ஒன்றையொன்று பற்றி நிற்பன என்னும் அவர் கருத்து, கடலளவிலும் மெய்யாகவே உள்ளது என்பதே நாம் கூறுவது.

இவ்விரு கடல்களுக்கும் இடையேயும் ஒரு கொடுக்கல் வாங்கல் நிகழ்கின்றது. தென்மேற்குப் பருவத்தில் நீரோட்டம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தெற்கே கிழக்கு நோக்கி ஓடி, அரபிக்கடலின் உப்புநீரை வங்கக்கடலுக்குக் கொண்டுவருகின்றது. ஐப்பசி முதல் மார்கழி வரை சோழமண்டலக் கரையை ஒட்டி நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும். வங்கக்கடலின் நன்னீர் அதனோடு இலங்கையைச் சுற்றி, மேற்கு நோக்கிய குளிர்கால ஓட்டத்தோடு சேர்ந்து, அரபிக்கடலின் தென்கிழக்குப் பகுதியை அடைகின்றது. அங்கும் அது மேலடுக்காகப் பரவி வெப்பத்தைத் தேக்குகின்றது. சித்திரை, வைகாசியில் கேரளக் கரைக்கு அப்பால் கடல்நீரின் வெப்பம் 30 பாகையைக் கடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவ்வெப்பக்கடலின் அருகேதான் ஆனித் திங்களை ஒட்டித் தென்மேற்குப் பருவம் தொடங்குகின்றது. கீழைக்கடலின் நன்னீர் மேலைக்கடலின் மழைக்கு இவ்வாறு துணையாகின்றது.

இவ்வுண்மைகள் எளிதில் அறியப்பட்டவை அல்ல. பல நாட்டுக் கப்பல்கள் கூடி 1960களின் முற்பாதியில் நடத்திய பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின் பயனாகவே 1966இல் தேசியக் கடலியல் நிறுவனம் தோன்றியது. ஐதராபாத்தில் 1999இல் நிறுவப்பட்ட இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், கடலில் மிதந்தும் மூழ்கியும் வெப்பத்தையும் உப்பையும் அளக்கும் கருவிகளின் செய்திகளைத் திரட்டுகின்றது. 'ஆர்கோ' என்னும் அக்கருவிகள் உலகக் கடல்களில் ஆயிரக்கணக்கில் உள்ளன.

6. பெண்ணை மீளும் வழி

நிலம் கடலுக்குத் திருப்பித் தரும் பங்கை நம் பகுதியிற் செலுத்துவது தென்பெண்ணை. கருநாடகத்தில் நந்திமலைப் பகுதியில் தோன்றும் இவ்வாறு, பெங்களூருக்குக் கிழக்கே தெற்கு நோக்கி ஓடி, ஓசூருக்கு அருகில் கொடியாளம் என்னுமிடத்தில் தமிழ்நாட்டிற் புகுகின்றது. கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, நெடுங்கல் அணைக்கட்டு, சாத்தனூர் அணை ஆகியவற்றைக் கடந்து, கபிலர் உயிர்நீத்த இடமெனப் போற்றப்படும் திருக்கோவலூர்க் குன்றைத் தழுவி, கடலூர் அருகே வங்கக்கடலை அடைகின்றது. கிருஷ்ணகிரி அணையும் சாத்தனூர் அணையும் காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் பயன்பாட்டிற்கு வந்தவை. நெடுங்கல்லினின்று பாரூர்ப் பெரிய ஏரிக்குச் செல்லும் நீர் இன்றும் பல ஊர்களின் நெல்வயல்களை வாழ்விக்கின்றது.

பெண்ணையின் நீர் கார்த்திகையில் கடலூர்க் கரையை அடையுங்கால், தெற்கு நோக்கிய நீரோட்டத்தோடு கலக்கும். முன்னர்க் கூறிய நன்னீர்ப் பயணத்தில் பெரும்பங்கு கங்கை, பிரமபுத்திரா போன்ற பேராறுகளுடையது. பெண்ணையின் பங்கு மிகச் சிறிதே. எனினும் அச்சிறு பங்கும் அதே வழியிற் செல்வது. அதே தொழிலைச் செய்வது.

இவ்வாறு இன்று எந்நிலையில் நம் எல்லையை அடைகின்றது? பெங்களூர் நகரின் கழிவுநீரில் ஒரு பகுதி பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே பெண்ணையைச் சேர்கின்றது. பெல்லந்தூர் ஏரி 2017இல் தீப்பற்றி எரிந்த செய்தியை நாடே அறியும். சலவைப் பொருள்கள் கலந்த அந்நீர் கெலவரப்பள்ளி அணையின் மதகுகளினின்று வீழுங்கால் வெண்ணுரை மலைபோல் பொங்குவதை நாளேடுகள் பலமுறை படத்துடன் வெளியிட்டுள்ளன. சங்கப் பாடல்களில் நுரை என்பது கல்லில் மோதிவரும் புதுப்புனலின் அடையாளம். இன்று நம் மாணவர் அறிந்த நுரை வேறு. எல்லைக்கு இப்பாலும் குறையில்லை என்று கூறுவதற்கில்லை. 1970களில் தொழிற்பேட்டை அமைந்த பின்னர் ஓசூர் பெருநகராக வளர்ந்துள்ளது. அவ்வளர்ச்சியின் கழிவும் தாழ்வான இடம் தேடியே செல்லும்.

நீரின் அளவைப் பற்றிய வழக்கும் உண்டு. சென்னை மாகாணமும் மைசூர் அரசும் 1892இல் செய்துகொண்ட உடன்படிக்கையில் பெண்ணையாறும் அடங்கும். பெண்ணையின் துணையாறாகிய மார்க்கண்டேய நதியில் கருநாடகம் அணை கட்டுதலை எதிர்த்துத் தமிழ்நாடு 2018இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கின் நயம் நீதிமன்றத்திற்கு உரியது. அளவைப் பற்றிப் பேசுங்கால் இயல்பை மறந்துவிடலாகாது என்பதே ஈண்டு நாம் வற்புறுத்துவது.

முகில் கடலினின்று தூய நீரையே கொள்கின்றது என முன்னர்க் கண்டோம். அரபிக்கடலும் வங்கக்கடலும் நந்திமலைக்கும் ஓசூருக்கும் அனுப்பும் நீர், உப்பு நீங்கிய நன்னீர். அந்நீரில் நாம் சேர்க்கும் மாசோ ஆவியோடு மீண்டும் வானில் ஏறுவதில்லை. ஒரு பகுதி அணையின் அடியிற் சேறாகத் தங்குகின்றது. ஒரு பகுதி கழனியிலும் கிணற்றிலும் இறங்குகின்றது. எஞ்சியது கழிமுகத்தை அடைந்து அங்குள்ள உயிர்களைச் சேர்கின்றது. நீர் சுழன்று வரும். மாசு சுழன்று வாராது, சேர்ந்த இடத்தில் மிகும். நீர்வாழ் உயிர்கள் பிறவாமையே கடலின் இயல்பு குறைதல் என்னும் பரிமேலழகர் உரையைக் கழிமுக மீனவர் நிலையோடு வைத்துப் படிப்பார்க்கு, அது பழைய உரையாகத் தோன்றாது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படும். கடலின் இயக்கமும் மழையும் ஒன்றையொன்று இயக்கும் ஒரே தொழிலின் இரு கூறுகள். ஓசூர், கிருஷ்ணகிரி மேட்டுநிலம், கோடையால் அரபிக்கடலையும் கொண்டலால் வங்கக்கடலையும் பெறுவது. தான் பெற்றதில் ஒரு பங்கைப் பெண்ணையால் வங்கக்கடலுக்கு மீட்பது. அவ்வாறு மீளும் நன்னீர் வங்கக்கடலின் மேலடுக்கைக் காத்து, அதன் முகில் எழுப்பும் ஆற்றலைப் பேணுகின்றது. எனவே மழையின்றிக் கடலும் குறைபடும் என்னும் குறட்கருத்து, நீரின் அளவைப் பற்றியதாகக் கொள்ளாமல் நீரின் இயல்பைப் பற்றியதாகக் கொள்ளும்பொழுதே முழுப்பொருள் தருகின்றது.

நெய்தல் நமக்குத் தொலைவில் உள்ளது என்று எண்ணும் மாணவர்க்கு ஒன்று கூறி இக்கட்டுரையை முடிக்கலாம். கெலவரப்பள்ளி மதகின் மேல் நின்று கீழே ஓடும் நீரைக் காண்பவர், கடலுக்குச் செல்லும் வழியில் உள்ள கடலையே காண்கின்றார். கடலினின்று அது எவ்வாறு வந்தது என்பதை முகில் அறியும். அது எவ்வாறு திரும்பிச் செல்கின்றது என்பதற்கு விடைகூற வேண்டியவர், ஆற்றின் இருகரையிலும், எல்லையின் இருபுறத்தும் வாழும் நாம்.